வேர் பிடிக்கும் வரை

நட்ட கத்தரியோ தக்காளியோ இரண்டாம் நாள் தலை சாய்ந்தால், தண்ணீர் போதவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில் இந்த முடிவு பல நேரம் தவறு. நாற்றைப் பிடுங்கும்போது நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்து நாற்றங்கால் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு சுருங்கிவிட்டது, செலவு சுருங்கவில்லை. புது வேர் விடும் வரை வரவைக் கூட்ட வழியில்லை. ஆகவே முதல் ஒரு வாரம் நாம் செய்யக்கூடியது செலவைக் குறைப்பது மட்டுமே.

ஆடிப்பட்டத்தில் இதன் தேவை நன்றாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று திருச்சி வரை உலர்த்திக்கொண்டு வீசுகிறது. பிற்பகல் வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. எனவே நாற்றின் மேற்குப் பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு வாழை மட்டையையோ தென்னங்கீற்றுத் துண்டையோ செருகி வைத்தால், ஒரே மறைப்பு இரண்டையும் தடுக்கும். இவை இரண்டும் இங்கே விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள்கள் அல்ல. மாலை நான்கு மணிக்கு மேல் நட்டால் ஓர் இரவின் ஓய்வும் கூடுதலாகக் கிடைக்கும். நிழலில் வளர்ந்தால் செடி நெட்டையாக ஓடி நோஞ்சானாகிவிடும் என்பார்கள். நாள் முழுதும் மூடி வைத்தால் அது உண்மை. மேற்கு மறைப்போ காலை வெயிலைத் தடுப்பதில்லை. புதுத் துளிர் கண்டதும் எடுத்துவிடுகிறோம்.

இந்தச் சூட்டில் தினமும் தண்ணீர் கட்டாமல் முடியுமா என்பது அடுத்த கேள்வி. நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன் பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஆற்று வண்டல் ஒரே சீராக இராது. மணல் படிந்த பாத்தி ஒரே நாளில் காயும். களி படிந்த பாத்தியில் ஒரு விரல் ஆழத்தில் ஈரம் நிற்கும். உச்சி வெயிலில் வாடி, மறுநாள் விடியலில் நிமிர்ந்து நிற்கும் நாற்றுக்குத் தண்ணீர்க் குறை இல்லை. அதற்கு மேலும் ஊற்றினால் மண்ணில் காற்று அடைபட்டு வேர் மூச்சு முட்டும். பித்தியம் போன்ற பூஞ்சணங்கள் தண்டின் அடியை அழுகவைக்கும். அழுகிய நாற்றும் வாடித்தான் தெரியும். அதைக் கண்டு இன்னும் ஊற்றுகிறோம்.

குழித்தட்டு நாற்றில் வேர் அறுவதில்லையே, அதற்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அங்கே சிக்கல் வேறு. தென்னைநார்க் கழிவில் வளர்ந்த வேர்க்கட்டி சுற்றியுள்ள மண்ணைவிட வேகமாகக் காய்ந்துவிடும். பாத்தி நனைந்திருந்தும் கட்டிக்குள் வேர் வறண்டு கிடக்கலாம். ஆகவே கட்டியை நன்றாக நனைத்து, மேலே மண் மூடும்படி நட்டு, முதல் சில நாள் தண்டைச் சுற்றிச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். மறைப்பு இதற்கும் தேவைதான்.

வாடிய நாற்றைத் தேற்ற யூரியா தூவுவதும், வாடியதைக் கண்டு தண்ணீர் ஊற்றும் பிழையின் இன்னொரு முகம். உப்புச்செறிவு கூடிய மண்ணிலிருந்து காயம்பட்ட வேர் நீரை இழுப்பது மேலும் கடினம். உரம் புதுத் துளிருக்குப் பிறகு போதும். செத்த இடத்தில் வேறு நாற்று வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் வேண்டாம்: பிந்தி நட்டது முந்தியதன் நிழலில் பின்தங்கும், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் இளஞ்செடியைத் தாக்கினால் விளைச்சல் இழப்பும் அதிகம். நாற்றைக் காப்பாற்ற நினைப்பவர் தண்ணீர்க் குடத்தையும் உர மூட்டையையும் தேடும் முன் வெயிலும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பார்க்கட்டும்.