தவறணைக்கு மேலே ஓர் அறை

ஹோட்டல் என்றால் எங்களுக்குச் சாப்பாட்டுக்கடை. கொத்துரொட்டி போடுகிற சத்தமும் பிளேன்ரீ வாசமும் உள்ள இடம். சிட்னிக்கு வந்து முதல் வேலையில் சேர்ந்த கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட வேலைசெய்தவர்கள் "ஹோட்டலுக்குப் போவோம்" என்று கூப்பிட்டார்கள். நான் நல்ல பசியோடு போனேன். அங்கே எல்லோரும் நின்றுகொண்டு பியர் குடித்தார்கள். வீட்டுக்கு வந்து பாணும் பருப்பும் சாப்பிட்டேன்.

இந்த நாட்டின் கிராமத்து ஹோட்டல்களுக்கு மாடியில் படுக்கை அறைகளும் உண்டு என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. குடிக்கக் கொடுக்க உரிமம் வேண்டுமென்றால் வழிப்போக்கர் படுக்கவும் இடம் வைத்திருக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்திருக்கிறது. அதனால்தான் நூறு பேர் இல்லாத ஊரிலும் சந்தியில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று விறாந்தையோடு நிற்கிறது. கீழே தவறணை, மேலே அறைகள்.

எங்களுக்கு அந்த அறைகள் தேவைப்பட்டது அம்மாவால்.

என்னுடைய மனிசனுக்குக் கூடாரம் என்றால் உயிர். ஒவ்வொரு ஜூலை விடுமுறைக்கும் காரின் கூரையில் சாமான்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிப் புறப்பட்டுவிடுவார். அந்தக் கிழமை அம்மா தம்பி வீட்டில் நிற்பா. போன வருடம் தம்பி குடும்பத்தோடு மெல்பேணுக்கு மாறிப்போனான். அம்மாவை வீட்டில் தனியே விட மனமில்லை. "நீங்களும் வாங்கோவன்" என்றேன்.

"வாறன். ஆனால் தறப்பாளுக்குக் கீழை படுக்கமாட்டன் பிள்ளை. காருக்குள்ளை இருந்து நித்திரை கொள்ளுவன்."

மகள் கேட்டாள், "அம்மம்மாவுக்குக் காம்பிங் பிடிக்காதா?" அம்மா பதில் சொல்லவில்லை. அந்தச் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் 'காம்ப்' என்றால் ஒன்று ஆமிக்காம்ப், அல்லது அகதிக்காம்ப். அதற்குள் ஆசையோடு, காசு கட்டிப் போய்ப் படுப்பதை அம்மாவுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

ஆகவே ஓர் உடன்பாடு. ஒரு இரவு கூடாரம், அடுத்த இரவு கூரை. புரோக்கன் ஹில் வரை போவதாகத் திட்டம். சிட்னியிலிருந்து ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்கு மேல். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஓடமுடியாது. கங்காருக்கள் வெளிச்சத்தைக் கண்டு நடு றோட்டில் நின்றுவிடும். எங்கே நிற்பது என்பதை மத்தியானமே முடிவெடுக்கவேண்டும்.

சங்கிலி மோட்டல்களைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. எந்த ஊரில் படுத்தாலும் ஒரே கட்டில், ஒரே படம், ஒரே சவர்க்கார வாசம். காலையில் எழும்பினால் எந்த ஊர் என்று யோசிக்கவேண்டும். அதனால் பழைய ஹோட்டல்களுக்கே ரெலிபோன் எடுத்தேன். எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: இணையத்தில் உள்ள படங்களை நம்பாதீர்கள், எடுத்தவரின் குரலை நம்புங்கள். "எத்தனை மணிக்கு வருவீங்கள்? குசினி எட்டு மணிக்குப் பூட்டிவிடுவோம்" என்று தானாகவே சொல்கிற இடம் நல்ல இடம். விறாந்தைப் பக்க அறையைக் கேளுங்கள். குளியலறை பொதுவானது, நடையின் அந்தத்தில் இருக்கும். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வெட்கப்படாதவர்களுக்குத்தான் இந்த வாழ்க்கை சரி. வெள்ளிக்கிழமை இரவை மட்டும் தவிருங்கள். நாங்கள் தவிர்க்கவில்லை.

முதல் இரவு டப்போவைத் தாண்டி ஓர் ஆற்றங்கரையில். நாங்கள் கூடாரத்தில், அம்மா காரின் முன் சீற்றில் இரண்டு போர்வையோடு. விடிய எழும்பிப் பார்த்தபோது கண்ணாடியெல்லாம் புகார். உள்ளே அம்மா விழித்தபடி இருந்தா. மனிசன் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. பாரியர் நெடுஞ்சாலையில் ஒரு சிற்றூர், ஒரு ஹோட்டல். வாசலில் நாய் படுத்திருந்தது. உள்ளே ஆண்கள் தொப்பியோடு. சுவர் முழுக்க இடுப்பளவுக்கு மாபிள் ஓடு. 1916 தொடக்கம் 1955 வரை இந்த மாநிலத்தில் மாலை ஆறு மணிக்குத் தவறணைகளைப் பூட்டவேண்டும். வேலை முடிந்து வந்தவர்கள் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஊற்றி ஊற்றிக் குடித்ததில், பிறகு கழுவ வசதியாக இருக்கட்டும் என்று ஓடு பதித்தார்கள் என்பார்கள்.

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டா. "தவறணைக்கு மேலை படுக்கவோ என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

மேலே ஏறியதும் சத்தம் குறைந்துவிட்டது. உயரமான தகரக் கூரை, மரத்தரை, ஒரு அலுமாரி, பூப்போட்ட படுக்கை விரிப்பு. கதவைத் திறந்தால் அகன்ற விறாந்தை. அதில் கால் நொண்டிய பிரம்புக் கதிரை ஒன்று. அம்மா அதில் இருந்து கீழே வீதியைப் பார்த்தா. "எங்கடை வீட்டு முன் விறாந்தை மாதிரி," என்று சொன்னா. எங்கள் வீடு இப்போது இல்லை. அதை அவ சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா மச்சம் சாப்பிடமாட்டா. கீழே குசினியில் இருந்தது முழுக்க மச்சம். கடைக்காரப் பெண் யோசித்துவிட்டு அவித்த பூசணியும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஒரு கோப்பை நிறையக் கொடுத்தா. அம்மா கைப்பையிலிருந்து இடிச்ச சம்பல் போத்தலை எடுத்து வைத்தா. பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் அது என்ன என்று கேட்டு, நுனி விரலால் தொட்டு வாயில் வைத்து, ஒரு முழுக் கிளாஸ் பியரைக் குடித்து முடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அன்றைக்கு அங்கே இறைச்சிச் சீட்டு. இரண்டு டொலருக்கு ஒரு துண்டு. அள்ளுகிறவருக்கு ஒரு தட்டு இறைச்சி. காசு ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக் கழகத்துக்கு. "பிள்ளையளுக்குத்தானே" என்று அம்மா ஒன்று வாங்கினா. நீங்கள் ஊகித்தது சரி. விரத நாளில், தவறணை ஒன்றில், ஆட்டுத் துண்டங்களும் சொசேச்சுகளும் அடுக்கிய தட்டை அம்மா இரண்டு கையாலும் வாங்கினா. ஊரே கைதட்டியது. என் மகன் எடுத்த படத்தில் கோயிலில் பிரசாதம் வாங்குகிறவ மாதிரியே நிற்கிறா.

இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த மழை கீழே பாட்டுப் போட்ட பெட்டியையும் மூடிவிட்டது. ஒரு மணிபோல எனக்கு நித்திரை குழம்பியது. அம்மாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. விறாந்தையில், அந்தக் கதிரையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தா.

"பயமாக் கிடக்கே அம்மா?"

"இல்லைப் பிள்ளை. கேட்டுக்கொண்டிருக்கிறன். தகரத்திலை பெய்யிற மழை சத்தம்தான் போடும். தறப்பாளிலை பெய்யிற மழை கனக்கும்."

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்ட லட்சக்கணக்கான சனத்தில் நாங்கள் நாலு பேர். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மழை பெய்துகொண்டிருந்தது. தென்மராட்சியில் சில மாதங்கள். அடுத்த ஏப்ரலில் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு. அக்கராயனில் ஒரு தறப்பாள் கொட்டில். எனக்கு ஞாபகம் இருப்பது பாலைமர நிழலும் கூடப் படித்த பெட்டைகளும். மாரியில் தறப்பாள் குளம்கட்டிக் கிழியாமல் இருக்க அப்பாவும் அம்மாவும் முறைவைத்து இரவிரவாகத் தடியால் தண்ணீரை நெம்பித் தள்ளியதை அன்றுதான் அறிந்தேன். நானும் தம்பியும் நித்திரை கொண்டிருக்கிறோம். "கொப்பருக்குக் கடைசி மட்டும் அந்தத் தோள் நோ மாறேல்லை" என்றா அம்மா.

வருடாவருடம் நான் கூடாரத்தில் நிம்மதியாகப் படுத்துவந்தது எப்படி என்று அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தபடி யோசித்தேன். அன்றைக்கும் நான் நித்திரைதான் கொண்டிருந்தேன் என்பதாலாக்கும்.

மழைக்குப் பிறகு மண் றோட்டுகளைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இன்னுமொரு இரவு அதே அறை. சனிக்கிழமை, விரதம் முடிந்தது. ஹோட்டலின் பின் முற்றத்தில் இறைச்சி வாட்டினோம். கிழவர் சம்பலுக்கு வந்தார்.

புரோக்கன் ஹில்லில் பலஸ் ஹோட்டலில் தங்கினோம். 1994இல் வந்த 'பிரிசிலா' படத்தில் வருகிற அதே இடம். சுவரெல்லாம் நீர்வீழ்ச்சியும் மலையுமாக ஓவியம், கூரையில் பொத்திச்செல்லியின் வீனஸ், உடுப்பில்லாமல். அம்மா அண்ணாந்து பார்க்க மறுத்தா. ஆனால் 1889இல் அதைக் கட்டியவர்கள் மதுவிலக்குக்காரர், குடிக்காதவர்களுக்கான கோப்பி மாளிகையாகத்தான் அது திறக்கப்பட்டது என்று நான் சொன்னதும் முகம் மலர்ந்தது. கோப்பி விற்றுக் கட்டுப்படியாகாமல் மூன்று வருடத்தில் மது உரிமம் எடுத்ததை நான் சொல்லாமல் விட்டேன்.

அந்த ஊர் மணிக்கூடு சிட்னியைவிட அரைமணி பின்னால் ஓடும், அடிலெயிட் நேரம். ஊரோடு கணக்குப் பார்த்தால் சரியாக நாலு மணித்தியாலம். "இஞ்சை கணக்குப் பார்க்கிறது சுகம்," என்று அம்மா ஊரிலிருந்த தன் தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தா.

கடைசி இரவுகள் முத்தவிஞ்சியில், அங்கிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீற்றர். நியூ சவுத் வேல்ஸில் ஆதிக்குடிகளிடம் முதன்முதலாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தேசியப் பூங்கா அது, 1998இல். வறண்ட ஓடைக்கரையில் பெரிய செம்மரங்கள். மேற்கே முகில் கறுத்திருந்தது. மனிசனும் பிள்ளைகளும் அவசரமாகக் கூடாரத்தை அடித்து, அதற்கு மேல் தறப்பாளைக் கட்டினார்கள். அம்மா காரின் கதவைத் திறந்துவைத்து, கால் வெளியே தொங்க, சும்மா பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினா. தறப்பாளைச் சுற்றி ஒருதரம் நடந்தா. நடுவில் கையை வைத்து மேலே தள்ளிப் பார்த்தா.

"சரிவு காணாது தம்பி. அந்தப் பக்கத்துத் தடியை ஒரு சாண் இறக்குங்கோ. பிள்ளை, நீ இந்தக் கயிறைப் பிடி."