ஒரகடம் சாலையில் சைக்கிள் பயணம்... எந்த டயர் சரி?

லாரிக்கும் காருக்கும் டயர் தயாரிக்கும் ஊர் ஒரகடம். அப்போலோ டயர்ஸ் ஆலை இங்கே 2010-ல் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் விடியற்காலையில் ஹைபிரிட் சைக்கிள் மிதிப்பது தனி சுகம்!

பல ஹைபிரிட் சைக்கிள்களில் 38 அல்லது 40 மி.மீ. டயர் இருக்கும். தார்ச்சாலைக்கு 32 மி.மீ. வழவழப்பான டயர் போதும். எடை குறையும், மிதிப்பதும் சுலபம். அதற்காக 25-க்கு இறங்கிவிடாதீர்கள். கன்டெய்னர் லாரி நெருங்கினால் ஓரத்து மணலில் ஒதுங்க வேண்டிவரும். அங்கே மெல்லிய டயர் சறுக்கும். பள்ளத்தில் விழுந்தால் ட்யூப் ரிம்மில் நசுங்கி பஞ்சராகும்.

வாங்கும் முன் ரிம் அகலத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ட்யூபையும் அதே அளவுக்கு மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டிக் காற்றடிக்க வேண்டாம். ஷிஃப்ட் பஸ்கள் சாலையை நிறைப்பதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.