இமையில்லாக் கண்கள்

காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கண்ணை. செவுளைத் தூக்கிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். கண் புடைப்பாக, கண்ணாடிபோல் இருந்தால் அன்றைய மீன். குழிந்து, பால் படர்ந்தாற்போல் இருந்தால் பனிக்கட்டியில் நாள் கழித்த மீன். “கண்ணப் பாரு சார், உன்னியே பாக்குது” என்று கூடைக்காரம்மா சொன்னால் மறுபேச்சில்லை. செத்த மீனின் கண்ணைப் படிக்க எங்கள் வடசென்னையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். உயிருள்ள மீனின் கண்ணைப் படிக்க எனக்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கல்விக்கு ஓர் உயிரை விலையாகவும் கொடுத்தேன்.

எர்ணாவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2016இல் ஒரு கடல்மீன் தொட்டியை வைத்தேன். இருநூற்றைம்பது லிட்டர். “நெய்தல் திணையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள்” என்று துறை நண்பர்கள் கேலி செய்தார்கள். பவளம் எதுவும் வைக்கவில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலேயே பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றை வளர்ப்பது குற்றம். வெறும் பாறைத்துண்டுகள், மணல், ஒரு ஸ்கிம்மர், இரண்டு கோமாளி மீன்கள். இரண்டில் பெரியது பெண், சிறியது ஆண். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும். பெண் இறந்துபோனால் கூட இருந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை.

கடல்நீருக்கு எனக்கு ஒரு வழி இருந்தது. என் மாணவர் ஒருவரின் தந்தை ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். கரையோரத்து நீர் ஆகாது என்று சொல்லி, வெகுதூரம் உள்ளே போய்க் கேன்களில் மொண்டு வருவார். அதைச் சில நாள் இருட்டில் வைத்து வடிகட்டிப் பயன்படுத்துவேன்.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் எங்கள் கரைக்கு வந்தது. பாறைகளுக்கிடையே தார்க்குழம்புபோல் திரண்டு கிடந்ததை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். நானும் மாணவர்களோடு ஒரு நாள் போய் நின்றேன். செருப்பில் ஒட்டியது கடைசிவரை போகவில்லை. படகு கடலுக்குப் போகவில்லை, எனக்குக் கடல்நீரும் வரவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கிவந்து தொட்டியில் விட்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு காலை பார்த்தபோது அதன் இரு கண்களும் புகைபடிந்த கண்ணாடிபோல் இருந்தன.

இங்கே மீனின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீனுக்கு நம்மைப்போல் இமை கிடையாது. கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம், அதாவது கருவிழிப்படலம், இரவும் பகலும் கடல்நீரில் நனைந்தபடியே இருக்கிறது. கடல்நீரின் உப்பு மீனின் குருதியிலுள்ள உப்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே வேலியாக நிற்பது அப்படலத்தின் மெல்லிய தோல். அதில் ஒரு கீறல் விழுந்தாலும், ஒட்டுண்ணி கடித்தாலும், நீரில் நஞ்சேறினாலும் வேலி உடைந்து படலம் வெளுத்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் ஆடி முழு உருண்டை. குழம்பில் வெந்த மீன்தலையிலிருந்து வெள்ளை மணியாக உருண்டு விழுமே, அதுதான். எனவே ‘கண் மங்கிவிட்டது’ என்று சொன்னால் போதாது. மங்கியது வெளிப்படலமா, உள்ளே இருக்கும் ஆடியா? ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? கண் வெறுமனே மங்கியிருக்கிறதா, வெளியே பிதுங்கியும் இருக்கிறதா? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டது. இரண்டும் என்றால் நீர், ஒட்டுண்ணி அல்லது உடம்பெங்கும் பரவிய நோய். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் தொடங்குவதற்கு இது நல்ல விதி.

இதில் ஒன்றுமே அன்று எனக்குத் தெரியாது. கடலெல்லாம் எண்ணெய், ஊரெல்லாம் அதே பேச்சு. கடைசியாக வந்த கேனில்தான் ஏதோ கலந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கொளத்தூரில் ஒரு கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “ரெண்டு கண்ணுமா சார்? இத ஊத்துங்க, மூணு நாள்ல சரியாப் போய்டும்” என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். நுண்ணுயிர்க்கொல்லி. தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டியதைப் பெரிய தொட்டியிலேயே கரைத்துவிட்டேன். மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று நீரைக் காப்பாற்றுகிற நல்ல பாக்டீரியாக்களும் அதில் அடிபட்டன. மாற்றுவதற்குக் கடல்நீரும் கைவசம் இல்லை. நான்காம் நாள் அமோனியாச் சோதனைக் குழாய் பச்சையாயிற்று. கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நச்சு நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல். ஐந்தாம் நாள் வண்ணத்துப்பூச்சி மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. பொட்டலம் கொடுத்தவரை நொந்துகொள்ள எனக்கு முகாந்திரமில்லை. அவர் மீனைப் பார்க்கவில்லை, பார்த்தவன் நான்.

உண்மைக் காரணம் இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் கடை உப்பையும் ஆர்.ஓ. நீரையும் கலந்து கடல்நீர் செய்யக் கற்றிருந்தேன். ஆண் கோமாளி பாறையில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கியது. அதன் கண்களிலும் மெல்லிய புகை. இந்த முறை மருந்தைத் தொடாமல் முதலில் படித்தேன். பழைய மீன் வளர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபடி நன்னீர்க் குளியல் கொடுத்தேன். குளோரின் போக்கிய நல்ல தண்ணீர், தொட்டி நீரின் அதே வெப்பம், சமையல் சோடா சேர்த்து அதே காரத்தன்மை, காற்றுக்குழாய். ஐந்து நிமிடம் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நிமிடத்தில் மீனின் உடம்பிலிருந்து எள்ளளவு வெள்ளைச் செதில்கள் உதிர்ந்து வாளியின் அடியில் படிந்தன. அவை செதில்கள் அல்ல, தட்டைப்புழுக்கள். கடல்நீரில் கண்ணாடிபோல் இருப்பதால் மீனின் கண்மேல் ஒட்டியிருந்தாலும் நமக்குத் தெரியாது. நன்னீர் பட்டதும் வெளுத்து உதிரும்.

வாளியின் அடியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புது மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காமல் நேரே உள்ளே விட்டது நான். புழு அதோடு வந்தது. எண்ணெய் கடலுக்குச் செய்த கேடு பெரிது. என் தொட்டியில் நேர்ந்த சாவுக்கு அது காரணமல்ல. செய்யுளில் பதத்தைத் தவறாகப் பிரித்துவிட்டு, அந்தப் பிழைக்கேற்ற உரையையும் நீளமாக எழுதும் மாணவனைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். நான் செய்ததும் அதுவே.

புழுவுக்கு மருந்து பிராசிகுவாண்டல். கால்நடை மருந்துக்கடையில் நாய்க்கான மாத்திரைதான் எளிதில் கிடைக்கும். அதில் பெரும்பாலும் வேறு மருந்தும் கலந்திருக்கும், அது கூடாது. தனி மருந்தைத் தேடி வாங்கி, லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் கணக்கில் கொடுத்தேன். நீரில் எளிதில் கரையாது, பொறுமையாகக் கலக்க வேண்டும். புழுவின் முட்டையை இம்மருந்து கொல்லாது. எனவே ஒரு வாரம் விட்டு, முட்டையிலிருந்து வெளிவந்தவற்றுக்காக மறுமுறையும் கொடுத்தேன். கண்கள் தெளிந்தன.

பிறகு சில ஆண்டுகள் ஓடின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அந்தப் பேச்சு அடங்குவதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. எங்கள் வீட்டிலும் அந்த நெடி வந்தது. என் தாயார் கண்ணைக் கசக்கியபடி எழுந்து உட்கார்ந்தார். ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டபோது, பச்சையாகிப்போன அந்தச் சோதனைக் குழாய் என் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு மூடிக்கொள்ள இமை இருந்தது, ஓடுவதற்குத் தெரு இருந்தது.

அடுத்த ஆண்டு ஆண் கோமாளிக்கு மறுபடியும் கண்ணில் வந்தது. இரவில் மின்சாரம் போய்த் திடீரென்று திரும்பியபோது தொட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. மிரண்டு பாறையில் மோதியிருக்க வேண்டும். காலையில் இடக்கண் மட்டும் கொட்டைப்பாக்குபோல் பிதுங்கி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்பு எங்காவது காற்றை உறிஞ்சி நீரில் வாயு மிகுந்துபோனாலும் கண் பிதுங்கும். அப்படியானால் கண்ணுக்குள் குமிழி தெரியும். குமிழி இல்லை. வலக்கண் தெளிவாக இருந்தது. தீனி எடுத்தது. ஆக, அடிதான். ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தத் துணிச்சல் எனக்கில்லை, இருக்கவும் வேண்டாம். தனித் தொட்டி, மங்கல் வெளிச்சம், நாள்தோறும் கொஞ்சம் நீர் மாற்றம், இருபது லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு. கண்ணுக்குப் பின்னால் தேங்கிய நீரை அந்த உப்பு மெல்ல வாங்கும். நுண்ணுயிர்க்கொல்லிப் பொட்டலத்தை மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன். படலம் புண்ணாகியிருந்தாலோ மறுகண்ணும் பிதுங்கியிருந்தாலோ பிரித்திருப்பேன். பிரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. பார்வை திரும்பவில்லை. உள்ளே ஆடி வெளுத்துப்போய், அந்தக் கண் குழம்பில் வெந்த மீனின் கண்ணைப்போல் ஆகிவிட்டது. பெரிய தொட்டியில் திரும்ப விட்டபோது பெண் முதலில் விரட்டியது; இரண்டு நாளில் சேர்த்துக்கொண்டது.

மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது நம் மரபில் வழங்கும் நம்பிக்கை. மீனாட்சி என்ற பெயருக்கும் அவ்வாறு பொருள் சொல்வார்கள். கோமாளி மீனில் முட்டையைக் காப்பது தந்தை. வாயால் துடைக்கும், துடுப்பால் விசிறும், கெட்டுப்போனதைக் கொத்தி எடுத்துவிடும். அந்த ஆண்டு இறுதியில் பாறையின் இடப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகளைக் கண்டேன். ஒற்றைக்கண் தந்தை வலப்பக்கத்தைக் காட்டியபடி வந்து விசிறும். திரும்பும்போது முட்டை மறைந்துவிடுவதால், முழு வட்டம் சுற்றி மறுபடியும் வலக்கண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும். நாள் முழுவதும் இதே வேலை.

ஐந்தாம் நாள் தாயாரைக் கூப்பிட்டு டார்ச் வெளிச்சத்தில் காட்டினேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள். உடம்பு சரியாகத் தெரியும் முன்பே கண் தெரிந்துவிடுகிறது. “எல்லாம் நம்மளயே பாக்குதுப்பா” என்றார்.

எட்டாம் நாள் இரவு விளக்கணைந்த பிறகு பொரித்தன. அவற்றுக்கு முதல் தீனியான ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரை நான் வளர்த்து வைத்திருக்கவில்லை, ஒன்றும் பிழைக்கவில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அந்த முறைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மொட்டைமாடியில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் பாசி பச்சை கட்டத் தொடங்கியிருக்கிறது. கல்லூரியிலிருந்து வந்ததும் முதலில் மாடிக்குத்தான் போகிறேன்.