எண்ணிப் பார்த்தியா?



எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அம்மா கைநாட்டு. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்த அன்று அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஊசி போடக் கத்துக் குடுப்பாங்களாடி?"

ஊசி போடக் கற்றுக்கொண்டேன். அதைவிடப் பெரிய பாடம் ஒன்றைக் கற்க, ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு அதை இம்மலரில் எழுதுகிறேன்.

அன்று காலை எனக்கு ஆறு படுக்கைகள். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் உண்டு. பிரஷருக்கு மெஷின் உண்டு. மூச்சுக்கு எதுவும் வேண்டாம். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். நேரமாகிவிட்டது. சார்ட்டில் மேலே வரிசையாக 20, 20, 20 என்றிருந்தது. நானும் 20 என்று எழுதிவிட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த வார்டு சிஸ்டர் நாலாம் படுக்கைப் பெரியவர் அருகே நின்றார். நிமோனியா கேஸ். அவர் முகத்தைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார்.

"எண்ணிப் பார்த்தியாம்மா?"

"ஆமா சிஸ்டர்" என்றேன். பொய்!

"சரி வா, ரெண்டு பேரும் எண்ணுவோம்."

நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினோம். 34! பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரைதான் சரியான அளவு. அப்போதுதான் கவனித்தேன்: மூக்கு விடைத்திருந்தது. காலையில் அவர் "டீ... வேண்டாம்... தாயீ" என்று விட்டுவிட்டுப் பேசியதும் நினைவுக்கு வந்தது. காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. உடனே டாக்டரை அழைத்தார்கள். சாய்த்து உட்கார வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள்.

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சிஸ்டர், நான் எண்ணலை" என்றேன்.

"தெரியும். உடம்பு தடுமாறும்போது பல நேரம் முதல்ல மாறுறது மூச்சுதான். பிரஷர் இறங்குறது பிந்தித்தான். நீ எழுதின 20-ஐ நம்பி அடுத்த டியூட்டிக்காரியும் சும்மா இருந்திருப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் நாள் பெரியவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "மாடு அசை போடலைன்னாலே எனக்குத் தெரிஞ்சு போகும். நேத்து எப்படி இருந்துச்சு, இன்னிக்கு ஏன் இப்படின்னு பாக்க வேணாமா?" என்றாள். வார்டில் எங்களுக்குச் சொல்லித் தருவதும் அதுவேதான்!

இப்போது சார்ட்டைத் தொடுமுன் படுக்கையருகே சற்று நிற்கிறேன். முக நிறம், பேச்சு, நேற்றைய நிலை மூன்றையும் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுகிறேன். கேட்பதில் வெட்கமில்லை.

நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்கு கூறாகச் சொல்கிறது திருக்குறளின் 95ஆம் அதிகாரம். அந்த நாலாவது ஆள் நாங்கள்.

லேபில் பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதும் நண்பர்களே, கோபிக்க வேண்டாம்! நாளை உங்கள் ரீடிங்கை நம்பியும் ஒரு பாய்லரோ பாலமோ நிற்கும். எண்ணுவது என்றால் கணக்கிடுவது. எண்ணிப் பார்ப்பது என்றால் யோசிப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.