கன்றை நக்கும் கல் பசு

மாட்டுப் பொங்கலன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், லாரிகள் ஓடும் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பிப் பாருங்கள். வாசலில் டிராக்டர் நிற்கும். முகப்பில் சந்தனம், குங்குமம், மாலை. உழவு மாடு நின்ற இடத்துக்கு டிராக்டர் வந்துவிட்டது; பொட்டு வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. கொம்புக்கு வண்ணம் பூச இன்று பெரும்பாலும் கறவை மாடுகள்தான் மிச்சம்.

அதே ரயில் பாதையில் தெற்கே வந்தால் பொன்னேரி. அதை ஒட்டியது திருவாயர்பாடி. ஆயர்பாடி என்றால் மாடு மேய்ப்பவர்களின் குடியிருப்பு. ஊர்ப் பெயரிலேயே மாடு இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் இங்கே வீதியில் சந்திப்பார்கள். சிவன் வருவது நந்தி மேல். கோயிலில் இருக்கும் கல் நந்திகளைக் கிட்டே போய்ப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் கழுத்தில் மணிக்கயிறு தெரியும். காட்டில் திரிந்த காளை அல்ல அது. யாரோ கட்டி வளர்த்த காளை.

இந்த உறவை இன்னும் நெருக்கமாகக் காட்டும் சிற்பம் ஒன்றைப் பார்க்க, சென்னையைத் தாண்டி மாமல்லபுரம் போக வேண்டும். கூட்டம் அர்ச்சுனன் தபசு முன்னால் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடும். பக்கத்தில் உள்ள கிருஷ்ண மண்டபத்தில், கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனுக்கு அருகே ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். கன்றைப் பார்த்து, நாக்கு அதன் உடம்பில் படும்போது மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது, பால் இறங்குகிறது. அதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான். அதட்டினாலோ அடித்தாலோ மாடு பயந்து பாலை அடக்கிக்கொள்ளும். ஹார்மோன் என்ற பேச்சே இல்லாத 7-ஆம் நூற்றாண்டில், கறவையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர்தான் இதைச் செதுக்கியிருக்க வேண்டும். ஊசி போட்டுக் கறப்பவர்கள் அவசியம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்துவதுண்டு. அதுவும் சிற்பம்தான், மனதைப் பிசைகிற சிற்பம்.

அதே 7-ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் நிலத்திலும் கல் செதுக்கினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாய். நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பெயர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்று சொல்கிறது கல்.

எருமைகளின் பெயர்கள் கல்லில் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் டிராக்டருக்குப் பொட்டு வைக்கிற வீட்டில், கடைசியாக விற்ற உழவு மாடுகளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர் இரண்டையும் சட்டென்று சொல்லுவார். எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்பதோடு.