நாயின் கலக்கமும் இரத்தக் கணக்கும்

நாய்க்கும் மனக்கலக்கம் உண்டென்று கூறினால் நகைப்போர் நம்மவருள் இன்னும் பலர். மனிதருக்கே மருந்து வாங்க வகையில்லாத வீட்டில் நாய்க்கு மருந்தா என்பர். வகையில்லாமை மெய்யே, அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், லயத்தில் பத்து வீட்டுச் சோற்றையுண்டு, விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்களோடு ஓடித் திரிந்த நாய், தோட்டத்தை விட்டுப் பட்டணம் புகுந்த குடும்பத்தோடு தானும் புகுந்து, இன்று இரும்புக் கதவுக்குள்ளே பகல் முழுதும் தனித்துக் கிடக்கின்றது. கதவைப் பிறாண்டுகின்றது, ஓலமிடுகின்றது. அடுத்த வீட்டார் முறையிடுகின்றனர். இது திமிரன்று, பிரிவச்சம் என்பர் மிருக வைத்தியர்.

இவ்வச்சத்துக்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று குளோமிப்பிரமின். மனிதரின் மனநோய்க்கெனத் தோன்றிய இதனை நாய்களின் பிரிவச்சத்துக்குத் தரலாமென 1998-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. பட்டாசு வெடிக்கும் இரவுக்கு மட்டும் கொடுத்து நிறுத்தும் மாத்திரையன்று இது; பழக்கும் பயிற்சியோடு சேர்த்து, மாதக்கணக்கில் நாள்தோறும் கொடுப்பது. பயனுள்ள மருந்தே. அதன்மீது பழி சுமத்த நாம் எழுதவில்லை. அது உடம்பில் இருக்கும்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையைப் பற்றியே கூற வந்தோம்.

நாயின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றது. நடு வயதில் சில நாய்களுக்கு அச்சுரப்பி அழிந்துபோவதுண்டு. அப்போது நாய் சோம்பிக் கிடக்கும். உண்ணும் அளவு கூடாமலே பருக்கும். விலாவின் இருபுறமும் வாலிலும் மயிர் உதிரும். இரத்தத்தில் தைராக்சின் குறைந்திருக்கும். ஆயுள் முழுதும் மாத்திரை கொடுத்தல் வேண்டும்.

இனி, 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். நோயற்ற நாய்களுக்கு 112 நாள் குளோமிப்பிரமின் கொடுத்துப் பார்த்தனர். தைராக்சின் நூற்றுக்கு 35 அளவு தாழ்ந்தது. சுரப்பி அழியவில்லை, மருந்தே அளவைத் தாழ்த்தியது. அம்மருந்து சில நாய்களைச் சோம்ப வைப்பதும் உண்டு. ஆகவே, நாய் சோம்பிக் கிடக்கின்றது என்பது ஒரு சாட்சி, தைராக்சின் குறைவு என்பது மற்றொரு சாட்சி என எண்ணுகின்றோம். சாட்சிகள் இருவரும் ஒரே கையில் கூலி வாங்கினவர் என்பதை அறியோம்.

1912-ல் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த ஃபீனோபார்பிட்டல் இன்று நாய்களின் வலிப்புக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அதுவும் இவ்வாறே தைராக்சினைத் தாழ்த்தும். எண் தவறென்று நம்பி அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்து.

கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் கதை வேறு. அங்கே கலக்கமே எண்ணை உயர்த்தும். குஷிங் நோய்க்கான ஒரு பரிசோதனையில், ஊசி போட்டபின் 4 மணி நேரத்திலும் 8 மணி நேரத்திலும் மறுபடி இரத்தம் எடுப்பர். அத்தனை நேரம் அந்நியர் நடுவே நடுங்கும் நாய்க்கு இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றலாம். அதனாலேயே, வீட்டில் அமைதியாக இருக்கும் நாளில் பிடித்த சிறுநீரைச் சில வைத்தியர் கேட்கின்றனர்.

ஆங்கிலம் படித்தவர் என்று, பரிசோதனைத் தாள்களை நம்மிடம் கொணர்வோர் உண்டு. அண்மையில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் தம் நாயின் தாளோடு வந்தார். தைராக்சின் குறைவு; ஆயுள் மாத்திரைக்குச் சீட்டும் இருந்தது. மாதச் செலவை எண்ணி அவர் முகம் வாடியிருந்தது. வேறு மருந்து கொடுப்பதுண்டா என்று வைத்தியர் கேட்கவில்லையா என வினவினோம்.

"கேட்டாருங்க கிராணி ஐயா. ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்."

"ஒன்றுமே இல்லையா, பெரியவரே?"

"மகள் தினமும் பிஸ்கோத்துக்குள்ளே வெச்சு ஒரு மாத்திரை குடுக்கும். அது மருந்தில்லீங்களே, கத்தாம இருக்கிறதுக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுப்பதே நம்மவருக்கு மருந்து. மகள் வேறொரு வைத்தியரிடம் வாங்கிய மாத்திரை அது. உறையில் குளோமிப்பிரமின் என்றிருந்தது. நம் தோட்டத்து எடைமேடையில் லாரியின் எடையைக் கழிக்காமல் குலையின் எடையை எழுதுவோமாயின், மேடை பொய் சொன்னதாகுமா? எந்த லாரியென்று மேடைக்குச் சொல்லவேண்டியவன் ஒருவன் உண்டன்றோ?

அன்றே வைத்தியரை அழைத்துப் பேசினோம். அவர் சினக்கவில்லை, நன்றி கூறினார். தேவையற்ற தைராக்சின் மாத்திரை கொடுத்தால் நாயின் சொந்தச் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்றும், பின்னர் உண்மை அறிய அதனை வாரக்கணக்கில் நிறுத்தவேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். அமைதி மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டா, சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையைத் தாமே எழுதித் தருவதாகவும், சில வாரங்கள் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பதாகவும் கூறினார். பெரியவருக்கு மறு பரிசோதனையின் செலவு மனத்தை உறுத்தியது. எனினும் ஒப்பினார்.

மறு பரிசோதனை இன்னும் நடைபெறவில்லை. நாய்க்கு உண்மையிலேயே சுரப்பி கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். மாத்திரை குறைந்த மூன்றாம் நாள் அது மீண்டும் கதவைப் பிறாண்டத் தொடங்கியதாகக் கேள்வி. இப்போது பெரியவர் பகலில் வெளியே செல்வதில்லை. வாசலில் நாற்காலி போட்டு அதன் அருகே அமர்ந்திருக்கின்றார்.