தடையும் ஒலியும்

தமிழாசிரியனாகிய எனக்கும் மின்னியலுக்கும் யாதொரு தொடர்புமில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தோடு என் கல்வி நின்றது. ஆசிரிய கலாசாலையிலும் இதனை எவரும் புகட்டினாரல்லர். ஆயினும் மலர்க்குழுவினர் கட்டுரை வேண்டியபோது என் நினைவில் முதலில் எழுந்தது, சென்ற ஆண்டு நடைபவனியிற் கருகிய அம்பிளிபயரே.

பவனியின் முன் செல்லும் வாகனத்திற் பொருத்துதற்காக, கார்களிற் பூட்டும் அம்பிளிபயர் ஒன்றை மலிவாக வாங்கினோம். பெட்டியின்மேல் ‘1000 உவாற்று’ எனப் பெரிய எழுத்திற் பொறித்திருந்தது. தொழினுட்பப் பிரிவு மாணவன் ஒருவன் அதன் உருகியைக் காட்டி, “சேர், இது 30 அம்பியர். 14 உவோல்ற்றுக்கு 420 உவாற்றுத்தான் உள்ளே போகும். அதிலும் அரைவாசியளவு சூடாய்ப் போய்விடும்” என்றான். யான் செவிமடுத்தேனல்லேன்.

ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஓம். அம்பிளிபயரின் இரு பக்க வெளியீடுகளையும் ஒன்றாய்ப் பிணைத்தால் ஓசை மிகும் என எவரோ சொல்லக் கேட்டிருந்தேன். அவ்வாறே பிணைத்து, ஸ்பீக்கர் இரண்டையும் சமாந்தரமாகப் பூட்டச் செய்தேன். “சேர், பிணைத்தால் 4 ஓமுக்குக் குறையக்கூடாதென்று அடியிலே எழுதியிருக்குது” என்று அவன் மீண்டுஞ் சொன்னான். “தம்பி, முன்னுக்கு நிற்கிறவனுக்கு மட்டும் கேட்டாற் போதுமோ?” என்று அவன் வாயை அடைத்தேன்.

4 ஓம் இரண்டு சமாந்தரமாயின் 2 ஓம். பிணைத்த நிலையில் ஒவ்வொரு பக்கமும் அதிற் பாதியாகிய 1 ஓமையே காணும். (தடை என்னும் சொல்லைப் பௌதிக ஆசிரியர் இங்கே திருத்த முற்படுவார், எனக்கு இதுவே போதும்.) தடை குறையக் குறைய மின்னோட்டம் பெருகும். விலையுயர்ந்த கருவியில் அதனைத் தாங்கவல்ல மின்வழங்கியும், வலிய டிரான்சிஸ்டர்களும், வெப்பம் போக்கும் அலுமினியத் தகடும் உண்டு. மலிவானதில் இவையே முதலிற் சுருக்கப்படுவன. இத்தனைக்கும் பயன் யாது? வலு இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபெல்லே ஏறும். செவிக்கு அது சிறிதே.

பவனி புறப்பட்டு அரைமணி நேரத்துள் கருகல் நாற்றம் எழுந்தது, ஒலி அற்றது. சந்தியில் வாழ்த்துப்பாப் பாடவிருந்த மாணவன், ஒரு மாதம் என்னிடம் சீர்பிரித்துப் பயின்றவன், வெறுங்குரலிற் பாடினான். முன்னுக்கு நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் வகுப்பிலே பிழை என்னுடையதென ஒப்புக்கொண்டேன். எச்சரித்த மாணவன் தலைகுனிந்திருந்தான். சிரித்திருந்தாலும் யான் கோபித்திரேன். பின்னர் நூலகத்திலே தேடிப் படித்தேன். ஜேர்மனியரான கியோர்க் சைமன் ஓம், கொலோன் நகரப் பாடசாலையொன்றிற் படிப்பித்த ஆசிரியராம். 1827இல் தம் விதியை நூலாக வெளியிட்டபோது போற்றுவார் அருகினர். மனமுடைந்து அப்பதவியையுந் துறந்தார். இலண்டன் றோயல் சங்கம் கொப்ளி பதக்கம் அளித்துக் கௌரவித்தது 1841இலேதான். யானும் ஆசிரியனாகலின் இது சற்றே உறைத்தது.

கருவியைத் திருத்தக் கேட்ட கூலி புதியதன் விலையை நெருங்கிற்று. அதே வகையில் இன்னொன்று வாங்கினோம். பரிசளிப்பு விழாவுக்கு அம்மாணவனே, பிணைக்காமல், பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கராகப் பூட்டினான். மூன்று மணிநேரம் ஒலித்தது; தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடே. வாழ்த்துப்பாப் பாடியவன் அதற்குள் உயர்தரம் முடித்துக் கல்லூரியை விட்டுப் போயிருந்தான்.